பருத்தியில் இயற்கைச் சாயம் நிற்க என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கேட்டது இதுதான்: ஒரு பருத்தித் துப்பட்டாவைப் பீட்ரூட் சாற்றிலும் இன்னொன்றை மஞ்சளிலும் கொதிக்க வைத்தீர்கள். உப்பும் வினிகரும் சேர்த்தால் நிறம் நிற்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்து அவற்றையும் தாராளமாகவே சேர்த்தீர்கள். பீட்ரூட் முதல் சலவையில் போனது, மஞ்சள் கொடியில் காயும்போதே வெளுத்துவிட்டது. அப்படியானால் அருங்காட்சியகங்களில் இருக்கும் 300 வருடத்துத் துணிகளில் சிவப்பு மட்டும் எப்படி நிற்கிறது?

அந்தத் துணிகளைச் செய்தவர்கள் சாயத்தைக் கடைசியில்தான் போட்டார்கள் என்பதுதான் பதில். வேலையில் முக்கால்வாசி, துணி நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிந்திருக்கும். வீடியோக்களில் வெட்டிவிடுவது சரியாக அந்த முக்கால்வாசியைத்தான்.

முதலில் உப்பையும் வினிகரையும் பார்த்துவிடலாம். இரண்டுமே முழுப் பொய் இல்லை, வேறோர் இடத்தின் உண்மை இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயங்களுக்கு வினிகர் உதவும். அந்த இழைகள் புரதம். அமிலத்தில் அவற்றின் மேல் நேர்மின் ஏற்றம் கூடும், எதிர்மின் ஏற்றமுள்ள சாயம் போய் ஒட்டிக்கொள்ளும். பருத்தி செல்லுலோஸ். குடம் வினிகரில் முக்கினாலும் அதில் அப்படி ஒரு பிடிமானம் உண்டாகாது. உப்பின் கதை ஆலைச் சாயங்களிலிருந்து வந்தது. 1956ல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்களுக்கு, தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தைத் துணியின் பக்கம் நகர்த்த உப்பு வேண்டும். அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமைத் தாண்டும். அப்புறம் சோடா சேர்த்தால்தான் சாயம் செல்லுலோஸோடு பிணையும். உப்பு, பஸ்ஸில் ஆட்களை உள்ளே தள்ளும் கண்டக்டர் மாதிரி; உட்கார இடம் பிடித்துக் கொடுப்பது அதன் வேலை இல்லை. அந்த உப்பெல்லாம் கடைசியில் எங்கே போனது என்று திருப்பூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கே ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. உங்கள் பீட்ரூட் பாத்திரத்தில் விழுந்த ஒரு கைப்பிடி உப்பால் அப்படிக் கேடு ஒன்றும் வராது, பிரயோஜனமும் வராது.

பீட்ரூட்டை மறந்துவிடுங்கள். அதன் நிறம் பெட்டாலெய்ன் வகை. சூடு தாங்காது, வெயில் தாங்காது. கொதிக்க வைத்தபோதே பாதி அழிந்திருக்கும். செம்பருத்தி, நாவல்பழம், ஊதா முட்டைக்கோஸ் எல்லாம் ஆந்தோசயனின் கூட்டம். சோப்பு பட்டதும் நீலமாகவோ அழுக்குச் சாம்பலாகவோ மாறும். சட்டையில் சிந்தினால் சுலபத்தில் போகாத ஒரு பொருள் நல்ல சாயமாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் கறை படிவதும் சாயம் நிற்பதும் வேறு வேறு.

மஞ்சளை அப்படித் தள்ளிவிட முடியாது. எந்த உதவியும் இல்லாமல் நேராகப் பருத்தியைப் பிடிக்கும் மிகச் சில இயற்கைச் சாயங்களில் அது ஒன்று. சமையலறைத் துணி சாட்சி. அதன் பலவீனம் வெளிச்சம். அதன் நிறப்பொருளான குர்குமின் வெயிலில் சிதைந்துவிடும். சோப்பின் காரம் பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் அதே காரணத்தால்தான். பழைய சாயக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும், தெரிந்தேதான் பயன்படுத்தினார்கள். பச்சை வேண்டுமானால் நீலத்தின் மேல் ஏதாவதொரு மஞ்சள் நிறத்தைத் தீட்டுவது வழக்கம். பழைய பூத்துணிகளைப் பார்த்திருந்தால் கவனித்திருப்பீர்கள், இலைகள் நீலமாக இருக்கும். அது ஓவியரின் கற்பனை இல்லை. மேலே தீட்டிய மஞ்சள் காலப்போக்கில் போய்விட்டது, அடியில் இருந்த அவுரி (இண்டிகோ) நீலம் மட்டும் நிற்கிறது.

சரி, நிற்கும் சாயத்துக்கு வருவோம். பருத்திக்கு மூன்று முன்வேலைகள் உண்டு.

முதலாவது சலவை. நெசவிலிருந்து வந்த காடா துணியில் கஞ்சி இருக்கும், பருத்தியின் இயற்கை மெழுகும் பெக்டினும் இருக்கும். கடையில் வாங்கிய வெள்ளைத் துணியில் அதோடு மெருகேற்றும் பூச்சும் இருக்கலாம். இதை எடுக்காமல் செய்யும் எந்த வேலையும் துணியின் மேலோட்டில்தான் நிற்கும். 100 கிராம் துணிக்கு 3, 4 கிராம் சலவைச் சோடா (ஆப்பச் சோடா இல்லை) போட்டு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க விடுங்கள். காடா துணியானால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். அலசிக் காயவைத்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நிற்காமல் உடனே உறிஞ்சினால் துணி தயார். பழைய முறை இன்னும் பொறுமையானது: ஆட்டுப் புழுக்கையோ சாணமோ கரைத்த நீரில் ஊறவைத்து, ஆற்றங்கரையில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து வெயிலில் வெளுக்க வைப்பார்கள்.

இரண்டாவது கடுக்காய். பருத்தி உலோக உப்புகளைச் சரியாகப் பிடிக்காது, ஆனால் டானின் என்னும் துவர்ப்புப் பொருளை நன்றாகப் பிடிக்கும். டானின் உலோகத்தைப் பிடிக்கும். நமக்குக் கை எட்டாத இடத்துக்குக் கடுக்காய் இடைத்தரகராக வருகிறது. கொட்டை நீக்கிய தோட்டைப் பொடித்து, 100 கிராம் துணிக்கு 20 கிராம் கணக்கில் வெந்நீரில் கரைத்து, துணியை இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் பிழிந்து அலசாமல் காயவைக்க வேண்டும். துணி வெளிர் மஞ்சளாகிவிடும். பிற்பாடு வரும் நிறங்கள் எல்லாம் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய்ந்து தெரிவது இதனால்தான். துணியில் மூங்கில் பேனாவால் எழுதும் ஓவியமான கலம்காரியில் கடுக்காயோடு எருமைப் பாலும் சேர்ப்பார்கள். பாலின் கொழுப்பு இழைகளுக்கிடையே தங்கி, அந்தப் பேனாவிலிருந்து இறங்கும் திரவம் பரவாமல் தடுக்கும். கோடு கோடாகவே நிற்கும். துணி முழுவதையும் ஒரே நிறத்தில் முக்குகிற நமக்கு அந்தப் பால் தேவையில்லை. வீணாக்க வேண்டாம், நாற்றமும் பொல்லாது.

மூன்றாவதுதான் முக்கியமான ஆள்: படிகாரம். அலுமினியம் கலந்த உப்பு, சவரக் கடையில் கன்னத்தில் தேய்க்கிறார்களே, அதேதான். 100 கிராம் துணிக்கு 20 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரையுங்கள். 3 கிராம் சலவைச் சோடாவைத் தனியே கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், அதனால் பெரிய பாத்திரம் வேண்டும். படிகாரத்தின் அமிலத்தைச் சோடா தணித்தால்தான் அலுமினியம் பருத்தியில் நன்றாகத் தங்கும். துணி அதில் சில மணி நேரம் ஊறட்டும். பிழிந்து காயவைத்து ஓரிரு நாள் சும்மா மடித்து வையுங்கள். இந்தக் காத்திருப்பை யாரும் விரும்புவதில்லை, ஆனால் அலுமினியம் டானினோடு கெட்டியாகச் சேர இந்த அவகாசம் உதவுகிறது. பிறகு நிறையத் தண்ணீரில் அலசி, ஒட்டாத படிகாரத்தை வெளியேற்ற வேண்டும். விட்டுவைத்தால் அது சாயப் பாத்திரத்தில் கரைந்து, சாயத்தைத் துணிக்கு வரவிடாமல் தண்ணீரிலேயே பிடித்துக்கொள்ளும். கலம்காரிக்குப் பேர்போன காளஹஸ்தியில் சுவர்ணமுகி ஆற்றின் ஓடும் நீரில் அலசியதன் காரணமும் இதுதான். தேங்கிய நீரில் அலசினால் கழன்ற படிகாரம் பக்கத்து இடத்தில் போய் ஒட்டும், வெள்ளையாக இருக்க வேண்டிய இடமும் சிவக்கும்.

இப்படி உலோகத்தை வைத்துச் சாயத்தைப் பிடிக்கும் பொருளுக்கு நிறமூன்றி என்று பெயர். அது புதிய கண்டுபிடிப்பு இல்லை. மொகஞ்சதாரோவில் வெள்ளிச் சாடி ஒன்றில் ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணுக்கில் மஞ்சிட்டி என்னும் சாய வேரின் வகைச் சிவப்பு இருந்தது. கிட்டத்தட்ட 4,000 வருடம் தாங்கிய நிறம்.

இந்த முறையின் அழகு, படம் போட்ட துணியில்தான் முழுதாகத் தெரியும். கோரமண்டல் (சோழமண்டலக்) கரை ஓவியர் சிவப்புப் பூ வேண்டிய இடத்தில் சிவப்பைத் தீட்ட மாட்டார், படிகார நீரைத் தீட்டுவார். அதற்கு நிறமே கிடையாது என்பதால், எங்கே தீட்டினோம் என்று கண்ணுக்குத் தெரிய அதில் கொஞ்சம் சப்பங்கி மரக்கட்டையின் சிவப்பு நிறத்தைக் கலந்துகொள்வார். பிறகு துணி மொத்தத்தையும் சிவப்பு தரும் சாயவேர் கொதிக்கும் அண்டாவில் போடுவார்கள். படிகாரம் உள்ள இடம் ஆழமாகச் சிவக்கும், மற்ற இடமெல்லாம் லேசாக இளஞ்சிவப்பாகும். அந்த இளஞ்சிவப்பைச் சாணத்திலும் வெயிலிலும் வெளுக்க வைத்தால் போய்விடும். படிகாரம் பிடித்த சிவப்பு அசையாது. ஒரே சாயத்தில் இரண்டு மூன்று அடர்த்தி வேண்டுமானால் படிகாரத்தின் அளவை மாற்றினால் போதும்.

இதைத்தான் ஐரோப்பாவில் யாராலும் செய்ய முடியவில்லை. அங்கே துணியில் படம் போட்டால் அது வெறும் பூச்சு, துவைத்தால் உதிரும். துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று நிற்கும் நம்மூர்ப் பூத்துணி அங்கே போனதும் சந்தையே தடுமாறியது. உள்ளூர் நெசவாளர்களின் கூச்சலைத் தாங்க முடியாமல் பிரான்ஸ் 1686ல் தடை போட்டது, 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்து 1700ல் இறக்குமதிக்கும் 1721ல் உடுத்துவதற்கும் சட்டம் போட்டது. தடை இருக்கும்போதே செய்முறையைத் தெரிந்துகொள்ளும் வேலையும் நடந்தது. 1734 வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு துணியைப் பக்கத்திலிருந்து சாயமேற்றச் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். அந்தத் துண்டுகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. 1742ல் கேர்டூ என்னும் ஏசு சபைப் பாதிரியார், கடுக்காய், எருமைப் பால், படிகாரம், சாயவேர் என்று வரிசையாக எழுதிக் கடிதமாக அனுப்பினார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் கிறிஸ்தவர்களாக மதம் மாறிய சாயத் தொழிலாளிகள். தொழில் உளவு என்றே நான் சொல்வேன், நாகரிகமாகச் செய்த உளவு.

சாயவேர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தில் இம்பூறல் என்பார்கள், பார்வைக்கு அற்பமான செடி, தரையோடு படரும். வேர் நூல் போல மெலிதாக நீளும். நிறம் அதன் பட்டையில், அலிசரின் வகைப் பொருள். கடலோர மணல்தான் இதற்கு ஏற்ற இடம். கிளிஞ்சல் கலந்த மணலில் சுண்ணாம்பு இருக்கும். அலிசரின், அலுமினியம், கால்சியம் மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் கெட்டியான சிவப்பு உருவாகும். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்க மணலில் தோண்டிய வேரை டச்சுக்காரர்கள் தங்கள் வருமானமாகவே வைத்திருந்தார்கள். மதுரைச் சௌராஷ்டிரச் சாயக்காரர்கள் நூலை நல்லெண்ணெயும் உமரிச் செடியின் சாம்பல் காரமும் கலந்த குழம்பில் திரும்பத் திரும்ப ஊறவைத்து, காயவைத்து, பிறகுதான் வேரில் போடுவார்கள். நாட்கணக்கில் நீளும் வேலை. அந்தச் சிவப்பின் புகழை வைகைத் தண்ணீருக்கும் கொஞ்சம் பங்கு வைத்துப் பேசுவது மதுரைக்காரர்கள் வழக்கம்; தண்ணீரின் கனிமம் நிறத்தை மாற்றும் என்பதால் அதை வெறும் ஊர்ப் பெருமை என்று ஒதுக்க முடியாது.

1868ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் என்ற வேதியியலாளர்கள் அலிசரினை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். மறு வருடம் காப்புரிமைக்கு ஜெர்மன் தரப்பு விண்ணப்பித்த அடுத்த நாள் இங்கிலாந்தில் பெர்கின் என்ற வேதியியலாளரும் விண்ணப்பித்தார். அதன் பிறகு மணலில் உட்கார்ந்து வேர் தோண்ட யாருக்குக் கட்டும்? சாயவேர் வணிகம் படுத்துவிட்டது. இன்று தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் தொம்பைகளும் (தொங்கவிடும் உருளை வடிவத் துணிகள்) குடைகளும் எழுதும் குடும்பங்கள் மிகச் சிலதான். கருப்பூர் கலம்காரிக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

உங்களுக்குச் சாயவேர் கிடைப்பது கஷ்டம். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி கிடைக்கும், அதுவே போதும். துணியின் எடைக்கு எடை மஞ்சிட்டியை இடித்து முதல் நாளே ஊறவையுங்கள். மறுநாள் துணியைப் போட்டு மெதுவாகச் சூட்டை ஏற்றி, தளதளவென்று கொதிக்க விடாமல் ஒரு மணி நேரம் வைத்து, அதே தண்ணீரில் ஆறவிடுங்கள். அவசரமாகக் கொதிக்க வைத்தால் சிவப்பு பழுப்புப் பக்கம் சாய்ந்துவிடும். போர் தண்ணீரின் கடினத்தன்மை வேர்ச் சிவப்புக்கு நல்லதுதான், ஆனால் அதில் இரும்பு இருந்தால் நிறம் மங்கும். மஞ்சள் வேண்டுமானால் செண்டுமல்லி, வெங்காயத் தோல், மாதுளைத் தோல் எல்லாம் படிகாரத்தின் மேல் நன்றாகவே பிடிக்கும். வெங்காயத் தோல் வெயிலில் கொஞ்சம் இறங்கும், செண்டுமல்லி பரவாயில்லை. சப்பங்கி மயக்கும் சிவப்பு கொடுக்கும், நம்பாதீர்கள், வெளிச்சத்தில் ஓடிவிடும்.

கறுப்புக்கு இரும்பு. வெல்லம் கரைத்த நீரில் துருப்பிடித்த ஆணி, தகடு எல்லாவற்றையும் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க விட்டால் கலம்காரிக்காரர்களின் கறுப்பு மை தயாராகும். பார்க்க மங்கலான பழுப்பு நீர்தான். கடுக்காய்த் துணியில் பட்ட மாத்திரத்தில் கறுக்கும். வெல்லம் புளித்து உண்டாகும் அசெட்டிக் அமிலம்தான் இரும்பைக் கரைக்கிறது, ஆகவே உங்கள் மிச்ச வினிகருக்கு இங்கே உண்மையிலேயே ஒரு வேலை இருக்கிறது. துருப்பிடித்த ஆணியை அதில் ஊறப்போட்டாலும் அதே மை வரும். அளவு மட்டும் கவனம். இரும்பு அதிகமானால் இழையை அரிக்கும். பழைய பூத்துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் பொத்தலாகிக் கிடப்பதைக் காணலாம்.

அவுரி இந்தக் கணக்கில் எதிலும் சேராது. அதற்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது என்பதுதான் அதன் சிக்கலும் பலமும். ஆக்சிஜனை நீக்கிக் காரத்தில் கரைய வைத்தால் பச்சையும் மஞ்சளும் கலந்த திரவமாகும், மேலே செம்பு நிற ஆடை படரும். துணியை முக்கி வெளியே எடுத்தால் காற்று பட்டுக் கண்ணெதிரே பச்சை நீலமாகும். இழைக்குள் மறுபடி கரையாத பொருளாகிச் சிக்கிக்கொள்வதால் சலவைக்கு அசையாது. தென்னிந்தியத் தொட்டிகளில் சுண்ணாம்போடு தகரை விதையை வேகவைத்துச் சேர்த்துப் புளிக்க வைப்பது பழைய முறை. வீட்டில் செய்ய ஒரு பங்கு அவுரிப் பொடி, இரண்டு பங்கு சுண்ணாம்புத் தூள், மூன்று பங்கு பழச்சர்க்கரை (ஃபிரக்டோஸ்) என்ற கணக்கு நன்றாக வேலை செய்யும். விதி ஒன்றுதான்: அடர்த்தியான தொட்டியில் ஒரே முக்காக முக்காமல், நீர்த்த தொட்டியில் பல முறை முக்கிக் காற்றாட விட வேண்டும். ஒரே முக்கில் ஏற்றிய நீலம் உரசினால் கையில் வரும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அவுரி விளைவித்துச் சாயக்கட்டியாக்குகிறார்கள், பொடியாகவும் வாங்கலாம். தலைக்குப் போடும் அவுரி இலைப் பொடியை வாங்கி ஏமாறாதீர்கள், அது காய்ந்த இலை மட்டும்.

“இயற்கை” என்ற பெயர் போட்டதாலேயே எல்லாம் சாது என்று எண்ண வேண்டாம். பழைய குறிப்புகளில் மயில்துத்தமும் குரோமிய உப்பும் வரும். பச்சையும் பழுப்பும் அழகாகக் கிடைக்கும்தான், ஆனால் வீட்டுச் சாக்கடையில் கொட்டும் பொருள்கள் இல்லை. படிகாரமும் இரும்பும் போதும். சமையல் பாத்திரத்தில் எதையும் செய்யாதீர்கள். சாயத்துக்கென்று ஒரு எவர்சில்வர் அண்டாவை ஒதுக்கிவிடுங்கள். இரும்புக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. அந்தக் கரண்டி தவறி மஞ்சிட்டியில் பட்டால் சிவப்பு ஊதாப் பழுப்பாகிவிடும்.

இனி உங்களிடம் இருக்கும் இரண்டு வெளுத்த துப்பட்டாக்கள். நேராக மஞ்சிட்டிக்குப் போக வேண்டாம், முதலில் சாம்பல் நிறம் செய்து பாருங்கள். செலவு குறைவு, சீக்கிரம் முடியும், கடுக்காய் எப்படி வேலை செய்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். துப்பட்டா உத்தேசம் 200 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சோடாவில் கொதிக்க வைத்து மிச்ச நிறத்தை எடுத்துவிடுங்கள். ஒரு துப்பட்டாவுக்கு 40 கிராம் கடுக்காய்ப் பொடி, இரவு ஊறல். காய்ந்ததும் 4 கிராம் அன்னபேதியை (இரும்பு உப்பு) ஒரு வாளித் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, துணியை மடிப்பில்லாமல் நனைத்து அலைந்துகொண்டே இருங்கள். சில நிமிடத்தில் சாம்பல் நிறம் ஏறும். மடிப்போடு போட்டால் திட்டுத் திட்டாக வரும், அப்புறம் சரிசெய்ய முடியாது. வேண்டிய அடர்த்தி வந்ததும் எடுத்து உடனே நன்றாக அலசுங்கள். துவைக்கப் பூந்திக்கொட்டை நீர் அல்லது காரமில்லாத சோப்பு, நிழலில் உலர்த்தல். அது சரியாக வந்த பிறகு இரண்டாவது துப்பட்டாவுக்குப் படிகாரமும் மஞ்சிட்டியும் வாங்கினால் போதும்.